காலிப் பெட்டி வாங்குமுன்: குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு நாஸ்

அதிரை என்கிற அதிராம்பட்டினத்தில் ஒரு குடும்பத்தின் படங்களெல்லாம் ஒரே வீட்டில் இருப்பது அரிது. வாப்பா துபாயில், மூத்த மகன் சிங்கப்பூரில், மருமகன் கோலாலம்பூரில், உம்மாவும் பெண்பிள்ளைகளும் ஊரில் என்று இருக்கும் வீட்டில், ஒரே நிக்காஹ்வின் படங்கள் நாலு போன்களில் நாலு விதமாகக் கிடக்கும். வாட்ஸாப்பில் வந்தவை சுருங்கி வந்தவை. முழு அளவுப் படம் எடுத்தவரின் போனில் மட்டும் இருக்கிறது. அந்தப் போன் தொலைந்தால் மிஞ்சுவது மங்கல் படம்தான். வீட்டுக்கு ஒரு நாஸ் வாங்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் அப்படி ஒன்று தொலைந்த பிறகே எழுகிறது.

நாஸ் என்பது வீட்டு ரவுட்டரோடு கேபிளில் இணைந்து, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் கணினி உண்டு, திரை கிடையாது. வீட்டிலுள்ள எந்தப் போனும் லேப்டாப்பும் வைஃபை வழியே அதில் கோப்பு வைக்கலாம், எடுக்கலாம். ஏற்பாடு செய்தால் வெளிநாட்டிலிருந்தும் எடுக்கலாம்.

முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. அதிலிருந்து ஒரு கணக்குக்கு 15 ஜி.பி. மட்டுமே இலவசம், மின்னஞ்சலும் அதற்குள்ளேயே அடங்கும். கூடுதல் இடத்துக்கான வாடகை, இதை எழுதும்போது, 100 ஜி.பி.க்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 ரூபாய், 2 டி.பி.க்குச் சுமார் 6,500 ரூபாய். குடும்பத்தின் மொத்தக் கோப்பும் 100 ஜி.பி.க்குள் அடங்கும் என்றால் அந்த 1,300 ரூபாயைக் கட்டிவிட்டு இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள். இது நாஸ் பற்றிய அத்தியாயம்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். 500 ஜி.பி.யைத் தாண்டியவர்களுக்குத்தான் சொந்தப் பெட்டி கணக்கில் கட்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்

போனில் எடுக்கும் ஒரு படம் 3 முதல் 5 எம்.பி. வரை வரும். ஒரு லட்சம் படம் இருந்தாலும் 400 ஜி.பி. அளவுதான். இடத்தை விழுங்குவது வீடியோ. இன்றைய போன்களின் 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 எம்.பி. அளவில் தொடங்கி, சுருக்கும் முறை பழையதானால் அதைப்போல இரண்டு பங்குக்கும் போகும். கல்யாண வீடியோக்காரர் பென்டிரைவில் கொடுப்பது பெரும்பாலும் வெட்டி ஒட்டி முடித்த படம். அவரிடம் கேட்டு மூலப் பதிவையும் வாங்குகிறவர்கள் ஒரு கல்யாணத்துக்கே சில நூறு ஜி.பி. ஒதுக்க வேண்டும்.

இந்த ஊர் வீடுகளில் இன்னொரு சரக்கும் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவுக்குச் சபர் போனவர்கள் கடிதத்தோடு தங்கள் குரலையும் கேசட்டில் பதிந்து அனுப்பினார்கள். ஊரிலிருந்தும் பதில் குரல் போனது. பிறகு வி.எச்.எஸ்., அதன் பிறகு மினி டி.வி. கேம்கோடர் நாடா. இவை அலமாரி மேல்தட்டில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. 60 நிமிடக் கேசட்டைச் சுருக்காமல் கணினியில் ஏற்றினால் 600 எம்.பி. அளவுதான் ஆகும். மினி டி.வி. நாடா ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. பிடிக்கும். நாஸ் வாங்கும் காசில் ஒரு பகுதியை இந்த நாடாக்களை மாற்றுவதற்கு எடுத்து வைப்பது நல்லது. புதுப் படத்துக்கு நாலு போனிலும் பிரதி இருக்கும். இந்த நாடாக்களுக்கு வேறு பிரதியே கிடையாது.

பத்திரம், பட்டா, பாஸ்போர்ட், சான்றிதழ் ஸ்கேன்கள் இடத்தில் ஒரு பொருட்டே இல்லை, எல்லாம் சேர்ந்தும் 1 ஜி.பி. வராது. மதிப்பில்தான் அவை முதலிடம்.

இன்று உள்ளதைக் கூட்டி இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு 2 டி.பி. போதும், 4 டி.பி. தாராளம். 4 டி.பி. என்று அச்சிட்ட டிஸ்க்கைக் கணினி 3.6 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கணினி 1,024ஆல் வகுக்கிறது.

காசை எங்கே போடுவது

கடையில் முதலில் காட்டப்படுவது இரண்டு டிஸ்க் போடும் பெட்டி. டூ பே என்பார்கள். இரண்டிலும் ஒரே கோப்பு எழுதப்படும், ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும், இதற்கு ரெய்டு 1 என்று பெயர், அதனால் கவலையில்லை என்று விளக்குவார்கள். விளக்கம் சரி. கவலையில்லை என்பது மட்டும் தவறு.

ரெய்டு காப்பாற்றுவது ஒரே ஒரு ஆபத்திலிருந்து: டிஸ்க் ஒன்று பழுதாவது. குழந்தை தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தால் இரண்டிலும் பூட்டும். இடி இறங்கினால், பெட்டியோடு திருட்டுப் போனால், கூரை ஒழுகி நனைந்தால், இரண்டும் சேர்ந்தே போகும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது இந்தக் கரை முழுக்க ஓடும் ஷீட்டும் பறந்தன. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த இரவில் மேல்மாடி அறையின் மேசையில் இருந்த பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தது என்பது ஒரு கேள்வியே இல்லை.

ஆகவே கையில் இருப்பது இரண்டு டிஸ்க்குக்கான காசு என்றால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஒன்று வீட்டுப் பெட்டியில், மற்றொன்று வேறு ஊரில். பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது பிரதி இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கும் இதைத்தான் சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியிடத்தில்.

வெளியிடம் என்பதில் கவனம் வேண்டும். அதிரையில் பல குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதால் ஆணுக்கு உம்மா வீடு, மனைவி வீடு என்று இரண்டு வீடு இருக்கும். இரண்டாவது டிஸ்க்கை மற்ற வீட்டில் வைத்தால் ஆயிற்று என்று தோன்றும். திருட்டுக்கும் தீக்கும் அது போதும், புயலுக்குப் போதாது. பட்டுக்கோட்டை என்றாலும் அதே கதைதான். கஜா அங்கேயும் அடித்தது. வெளியிடம் என்றால் திருச்சி, சென்னை, அல்லது வெளிநாட்டில் இருக்கும் மகனின் அறை. மற்ற ஊர்க்காரர்கள் மாதவாடகை கொடுத்து வாங்கும் இந்த வசதி அதிரைக் குடும்பங்களுக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர் ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கைக் கொண்டுவந்து, நிரப்பிக்கொண்டு திரும்பினால் போதும். கையில் வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். உள்ளே பத்திர ஸ்கேன்கள் இருப்பதால் டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். பிட்லாக்கர், வெராகிரிப்ட் என்ற மென்பொருள்களில் எதுவானாலும் சரி.

இணையத்தில் அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். 40 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 5 எம்.பி. போகும்; 500 ஜி.பி.க்கு 28 மணி நேரம் ஆகும். நடுவில் கரன்ட் போகும், கேபிள்காரர் பழுது பார்ப்பார். முதல் தடவை மொத்தச் சரக்கும் விமானத்தில் போகட்டும், அதற்குப் பிறகு சேர்வது மட்டும் இணையத்தில் போகட்டும்.

எந்த வழி

மிக மலிவான வழி, ரவுட்டரின் பின்னால் யு.எஸ்.பி. துளை இருந்தால் அதில் ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கைச் செருகுவது. சில ரவுட்டர்கள் இதை வீடு முழுக்கப் பகிர்ந்துவிடும். மெதுவாக ஓடும், சில நேரம் தொங்கும், யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு சரியாக இருக்காது. வீட்டில் ஒருவரே பயன்படுத்தினால் போதும். மூன்று பேர் என்றால் எரிச்சல்.

ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியை வாங்கி அமைக்கலாம். பொழுதுபோக்காக இதில் ஈடுபடுகிறவர்களுக்கு இன்பமான வேலை. மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

இதைவிட நல்லது இந்த மாநிலத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு வழி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுக்கப்பட்ட லேப்டாப்புகள் லட்சக்கணக்கான வீடுகளில் பரணில் கிடக்கின்றன. வேலைக்கு ஆகாது, விற்றால் விலை போகாது. ஆனால் கோப்புப் பரிமாற்றத்துக்குப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருள் டெபியன் லினக்ஸின் மேல் ஓடுவது, 2 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப்பிலேயே ஓடும். ஒரு முறை நிறுவிவிட்டால் பிறகு எல்லாம் வேறொரு கணினியின் பிரவுசரிலிருந்தே செய்துகொள்ளலாம், லேப்டாப் மூடியபடியே இருக்கும். ட்ரூநாஸ் என்ற இன்னொன்றும் புகழ்பெற்றது; அது குறைந்தது 8 ஜி.பி. ராம் கேட்கும் என்பதால் நமக்கு வேண்டாம்.

லேப்டாப்பின் உள் டிஸ்க்கை மென்பொருளுக்கு மட்டும் விடுங்கள். உங்கள் கோப்புகள் புதிதாக வாங்கும் போர்ட்டபிள் டிஸ்க்கில் இருக்கட்டும். பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருந்தால் அதுவே யு.பி.எஸ். ஆகிவிடும். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றி எறியுங்கள், யோசிக்க வேண்டாம். லேப்டாப்பின் நெட்வொர்க் துளை 100 எம்.பி.பி.எஸ்.ஸா கிகாபிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதில் நொடிக்கு 11 எம்.பி. கிடைக்கும், 1 டி.பி. நிரப்ப ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். பின்னதில் இரண்டரை மணி நேரம், ஆனால் யு.எஸ்.பி. 2 துளைதான் இருக்கிறது என்றால் நொடிக்கு 35 எம்.பி.யைத் தாண்டாது. அன்றாட வேலைக்கு எல்லாமே போதும். முதல் நிரப்பலை மட்டும் டிஸ்க்கை நேராக உங்கள் கணினியில் செருகிச் செய்வதானால், இரண்டு கணினிக்கும் புரியும் வடிவில் டிஸ்க்கை ஃபார்மட் செய்திருக்கிறீர்களா என்று முன்னாலேயே பாருங்கள்.

இந்த வழியில் செலவு 2 டி.பி. போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு மட்டுமே. ஒன்று ஓடுவதற்கு, ஒன்று வெளியூருக்கு. கூகுளின் 2 டி.பி. வாடகை இரண்டு ஆண்டுக்கு ஆகும் பணத்தை ஒட்டி வரும். குறை என்னவென்றால், பழுதானால் பார்க்க லினக்ஸ் கொஞ்சம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் ரியாத்தில் இருக்கிறார் என்றால் இந்த வழி வேண்டாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடைப் பெட்டிதான். குறைந்த விலையில் ஆண்டாண்டாக நிற்பவை சினாலஜி, க்யூநாப் என்ற இரண்டு தைவான் கம்பெனிகளின் சிறிய மாடல்கள். சினாலஜியில் ஒற்றை டிஸ்க் டி.எஸ்.124, இரட்டை டிஸ்க் டி.எஸ்.223ஜே, க்யூநாப்பில் டி.எஸ்.-233. டி.எஸ்.223ஜே-க்கு 1 ஜி.பி. ராம், டி.எஸ்.-233க்கு 2 ஜி.பி.; பிறகு கூட்ட முடியாது. காகிதத்தில் க்யூநாப் முந்துகிறது. ஆனால் உம்மாவும் தங்கையும் கையாளப் போகும் பெட்டி என்றால் நான் சினாலஜியையே சொல்வேன். அதன் போன் ஆப் படங்களைத் தானே மேலேற்றிக்கொள்ளும், திரைகள் குழப்பாது, வெளிநாட்டிலிருந்து இன்னொருவர் நிர்வகிப்பது எளிது. படத்தில் முகம் தேடுவதும் வீடியோவை மாற்றுவதும் சிறிய பெட்டிகளில் மெதுவாகவே நடக்கும். விளம்பரத்தைப் பார்த்து எதிர்பார்க்காதீர்கள்.

இந்தப் பெட்டிகளுக்குக் கடையில் சொல்லும் விலை எல்லாமே காலிப் பெட்டிக்கு. டிஸ்க் தனி. இணையக் கடையில் விலையைப் பார்த்து மகிழ்ந்து, பெட்டி வந்ததும் உள்ளே டிஸ்க் எங்கே என்று தேடுகிறவர்கள் நிறைய. இரட்டை டிஸ்க் பெட்டி வாங்கி இப்போதைக்கு ஒரு டிஸ்க் மட்டும் போட்டு ஓட்டலாம். இரண்டாவது டிஸ்க்கின் காசில் வெளியூர்ப் பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு கை தாராளமானதும் உள்ளே இன்னொன்றைச் சேர்த்து ரெய்டு 1 ஆக்கிக்கொள்ள இரண்டு கம்பெனியும் விடுகின்றன.

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரிலோ துபாயிலோ பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று மச்சான் சொன்னால், மாடலின் பெயரைக் கேட்டு அதற்குக் கம்பெனி இன்னும் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருகிறதா என்று பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பெட்டிக்கு 2015இலேயே புதுப்பிப்பு நின்றுபோயிருந்தது. 2021 ஜூனில் உலகம் முழுக்க அந்தப் பெட்டிகளை வெளியிலிருந்து யாரோ அழித்தார்கள், பலர் காலையில் எழுந்து பார்க்கும்போது உள்ளே ஒன்றுமில்லை. மின் அடாப்டர் 100-240 வோல்ட் என்பதால் நம் கரன்டுக்கு ஒத்துப்போகும். சதுர முள் பிளக்குக்கு மட்டும் மாற்றி வாங்க வேண்டும்.

டிஸ்க்

டிஸ்க்குகளில் இரண்டு எழுத்துமுறை உண்டு, சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று. எஸ்.எம்.ஆரில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி இருக்கும். இடம் மிச்சம், விலை குறைவு. ஆனால் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். நிறைய எழுதும்போது நின்று நின்று போகும். ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றி மீட்கும்போது இது ஆபத்தாகவே முடியும். 2020 ஏப்ரலில், நாஸ்க்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் 2 முதல் 6 டி.பி. டிஸ்க்குகளில் சொல்லாமல் எஸ்.எம்.ஆர். வைத்தது வெளியானது. பெரும் கூச்சலுக்குப் பிறகு கம்பெனி வரிசையைப் பிரித்தது. இன்று ரெட் பிளஸ் என்றால் சி.எம்.ஆர்., வெறும் ரெட் என்றால் எஸ்.எம்.ஆர். சீகேட்டில் அயன்வுல்ஃப் முழுக்கச் சி.எம்.ஆர். பெட்டிக்குள் போடுவதற்கு இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். இரண்டுக்கும் மூன்று ஆண்டு வாரன்டி. வெளியூர்ப் பிரதிக்கு வாங்கும் போர்ட்டபிள் டிஸ்க் எஸ்.எம்.ஆராக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது, அது ஆண்டுக்கு இரண்டு முறை எழுதப்படுவது.

பட்டுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடைகளில் கையிருப்பில் இருப்பது பெரும்பாலும் சி.சி.டி.வி.க்கான டிஸ்க். அதையே தள்ளப் பார்ப்பார்கள். ஓடும், ஆனால் கேமராப் பதிவுக்கு என்று அமைத்தது, விலையிலும் பெரிய மிச்சமில்லை. இரண்டு நாள் பொறுத்தால் நாஸ் டிஸ்க்கையே வரவழைத்துக் கொடுப்பார்கள்.

2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளைப் புதிது என்று விற்றது வெளியே வந்தது. ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி விற்றிருந்தார்கள். ஃபார்ம் என்ற இன்னொரு பதிவில் உண்மைக் கணக்கு அப்படியே இருந்ததால்தான் பிடிபட்டது. டிஸ்க் கைக்கு வந்ததும் அதன் வரிசை எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு வாரன்டி எப்போது முடிகிறது, எந்த நாட்டுக்குச் செல்லும் என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் வாங்கிய டிஸ்க்குக்கு இங்கே வாரன்டி கிடைக்காமல் போகலாம். இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி. என்று விற்கும் சின்ன எஸ்.எஸ்.டி.கள் போலி. உள்ளே இருப்பது ஒரு மெமரி கார்டு.

கரன்ட்டும் கடல் காற்றும்

சிறிய நாஸ் ஓடும்போது 15 வாட் அளவு இழுக்கும். ஆண்டுக்கு 131 யூனிட். இரண்டு மாத பில்லில் 22 யூனிட். பழைய டெஸ்க்டாப்பை நாஸ் ஆக்கினால் 60 வாட் என்று வைத்தாலும் பில்லுக்கு 88 யூனிட் ஏறும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் என்பதால், ஏ.சி. ஓடும் வீட்டுக்கு இந்த 88 பெரிய வித்தியாசம். டெஸ்க்டாப் சும்மா கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போவதுதான் டிஸ்க்குக்கு எதிரி. வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் போதுமா? இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், நாஸ் அணைந்து எழும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ஈகோ, யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும். ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும். வோல்டேஜ் குறைவான தெருவில் பேட்டரி சீக்கிரம் களைத்துப்போகும். அங்கே நாஸ்க்கென்று தனியாக 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று வைப்பது மேல். கரன்ட் போனதை நாஸ்க்குச் சொல்லும் யு.எஸ்.பி. கேபிள் துளை அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தால் பேட்டரி தீருமுன் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ்.ஸை நாஸ்க்குப் போடாதீர்கள். முள் பொருந்தும், சக்தி பொருந்தாது. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் படுத்துவிடும்.

வைக்கும் இடத்தில் இந்த ஊருக்கென்று ஒரு கணக்கு. உப்பளங்களும் கடலும் பக்கத்தில். காற்றின் உப்பு கதவுக் கீலை என்ன செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு நெட்வொர்க் கேபிள் முனையில் பச்சை பூக்கும் என்பது ஆச்சரியமாக இராது. கடல் பக்க ஜன்னலோரம் வேண்டாம். உள்ளறையில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள் உண்டு. உப்புக்குத் தப்பும், சூட்டில் வேகும். சித்திரை வெயிலில் டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள், 50 தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். மாதக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட ஓடவிடுவது நல்லது. உள்ளே லேசான சூடு இருந்தால் ஈரம் தங்காது. மின்வயர் வழியே மட்டுமல்ல, நெட்வொர்க் கேபிள் வழியேயும் இடி வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாடியிலிருந்து இறங்கும் கேமராக் கேபிளும் நாஸும் ஒரே சுவிட்சில் இருந்தால், ஐப்பசி மழையில் நாஸின் கேபிளை உருவிவிடுங்கள்.

தூரத்திலிருந்து திறப்பது

வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்கு ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்லும் பழைய யோசனையைக் கேட்காதீர்கள். இந்தியாவில் பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, அதனால் திறந்தாலும் வேலை செய்யாது. செய்தால் இன்னும் மோசம். 2014இல் சினாலஜி பெட்டிகளை சினோலாக்கர், 2021 ஏப்ரலில் க்யூநாப் பெட்டிகளை க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று பணம் கேட்டுப் பூட்டிய தாக்குதல்கள் எல்லாம் இணையத்தைப் பார்த்துக் கதவு திறந்திருந்த பெட்டிகளுக்குத்தான் வந்தன. ரவுட்டரில் யு.பி.என்.பி. என்ற வசதியை அணையுங்கள். கேட்காமலே கதவு திறப்பது அதுதான்.

சினாலஜியின் குயிக்கனெக்ட் முகவரிப் பிரச்சினையைத் தாண்டிவிடும், குடும்பத்தார் எல்லாருக்கும் எளிது. பழைய லேப்டாப் வழி என்றால் டெயில்ஸ்கேல். தனியாள் பயன்பாட்டுக்கு இலவசம். அது வி.பி.என். வகை. அமீரகத்தில் குற்றத்துக்கு வி.பி.என். பயன்படுத்தினால் கடும் தண்டனை என்பதால் அங்கிருக்கும் காக்கா (அண்ணன்) அதை அலுவலகக் கணினியில் ஏற்ற வேண்டாம், வீட்டில் சினாலஜிப் பெட்டி இருந்தால் குயிக்கனெக்ட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். எதுவானாலும் அட்மின் என்ற பெயரில் உள்ள கணக்கை மூடி, வேறு பெயரில் நிர்வாகி வைத்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். அந்தச் சரிபார்ப்பு துபாய்ப் போனில் மட்டும் இருந்தால் ஊரில் பெட்டி மக்கர் செய்யும் அன்று யாரும் உள்ளே போக முடியாது. மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரக் கட்டோடு வையுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, பொதுவான படங்களுக்கு ஒரு பகிர்ந்த ஃபோல்டர், பெண்பிள்ளைகளின் படங்களுக்கு அவர்கள் மட்டுமே திறக்கும் ஃபோல்டர். குப்பைத்தொட்டி வசதியை இயக்கி, அழித்த கோப்பு முப்பது நாளாவது அங்கே கிடக்கும்படி செய்யுங்கள். பத்திர ஃபோல்டரை நிர்வாகி ஒருவரைத் தவிர மற்றவர்கள் பார்க்க மட்டும் விடுங்கள், எழுத விடாதீர்கள்.

பெட்டி வந்த முதல் வாரம் எந்தப் போனிலிருந்தும் எதையும் அழிக்கக் கூடாது. எல்லாம் ஏறியதும் பத்து கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்து வேறு கணினியில் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். வெளியூர் டிஸ்க்கிலும் அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் போனில் இடம் காலி செய்வது. வெளியூர்ப் பிரதியை ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கலாம்: விடுமுறைக்கு வந்தவர் திரும்பும்போது ஒன்று, அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர் கையில் இன்னொன்று. புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியை ஆப் வழியாக முறைப்படி அணைத்து, கேபிள்களை உருவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, கான்கிரீட் தளமுள்ள அறையின் மேல்தட்டில் வையுங்கள். கரன்ட் திரும்பினாலும் வோல்டேஜ் ஒரு நாள் நிலையாக நிற்கும் வரை இணைக்க வேண்டாம்.